ஜிசெல், கொப்பேலியா: இரண்டு பழைய பாலேக்களை முழுதாகப் பார்க்க ஒரு வழிகாட்டி

பாலே பார்க்க ஆசைப்படுகிறவர்களில் பெரும்பாலோர் ஐந்து நிமிட வீடியோ ஒன்றில் தொடங்கி, அங்கேயே நின்றுவிடுகிறார்கள். கால்விரல் நுனியில் ஒரு பெண் சுழல்கிறாள், கைதட்டல் கேட்கிறது, வீடியோ முடிகிறது. அவள் யார், எதற்காகச் சுழல்கிறாள் என்பது கடைசிவரை தெரிவதில்லை. 19-ஆம் நூற்றாண்டின் பாலேக்கள் கதை சொல்லும் நாடகங்கள். கதையை விட்டுவிட்டுக் காலை மட்டும் பார்த்தால் சர்க்கஸ் பார்த்த நிறைவுதான் மிஞ்சும்.

நண்பர்களுக்கும் பரதநாட்டியம் கற்கும் பிள்ளைகளுக்கும் இந்த பாலேக்களைத் திரையிட்டுக் காட்டி வருகிறேன். புதியவர்கள் தடுமாறும் இடங்கள் ஏறக்குறைய ஒன்றேதான். வரிசையை மாற்றினால் அந்தத் தடுமாற்றத்தில் பாதி குறைந்துவிடுகிறது: முதலில் கதை, அடுத்து சைகை, அதற்கடுத்து இசை, கடைசியில்தான் கால்.

இங்கே எடுத்துக்கொள்பவை இரண்டு. 1841-இல் வந்த ‘ஜிசெல்’ சோகக் கதை. 1870-இல் வந்த ‘கொப்பேலியா’ நகைச்சுவை. இரண்டும் பாரிஸ் ஒபேராவின் பழைய அரங்கான லெ பெலெத்தியேவில் அரங்கேறியவை. இரண்டிலும் ஒரு கிராமத்துப் பெண், நம்பத்தகாத ஒரு காதலன், அவன் மனத்தைக் காட்டிக்கொடுக்கும் ஒரு செடி. ஒன்றில் அந்தப் பெண் செத்துப்போகிறாள். மற்றதில் அவனை வசமாக மாட்டவைத்துக் கல்யாணமும் செய்துகொள்கிறாள். இரண்டையும் அடுத்தடுத்துப் பார்ப்பதுபோல் இந்தக் கலையைக் கற்றுத்தரும் வழி வேறில்லை என்பது என் கருத்து.

1. தொடங்குமுன் தயாராக வேண்டியவை

முழு நீளப் பதிவு வேண்டும். ‘முக்கியக் காட்சிகள்’ தொகுப்பு உதவாது. ஜிசெல் இரண்டு அங்கங்கள். இடைவேளை நீங்கலாக இரண்டு மணி நேரத்துக்குள் முடிந்துவிடும். கொப்பேலியா மூன்று அங்கங்கள். அதுவும் ஏறத்தாழ அதே நீளம். ஒன்றை ஒரு மாலையிலும் மற்றதை இன்னொரு மாலையிலும் வைத்துக்கொள்ளுங்கள். ஒரே நாளில் இரண்டையும் பார்த்தால் கொப்பேலியாவின் சிரிப்பு எடுபடாது.

நல்ல ஒலிபெருக்கியோ ஹெட்போனோ கட்டாயம். கைப்பேசியின் ஒலியில் தாழ்ந்த சுரங்கள் காணாமல் போய்விடும். ஜிசெலில் ஆபத்து வருவதை முதலில் சொல்வது பெரும்பாலும் அந்தச் சுரங்கள்தான்.

பாத்திரப் பட்டியலை ஒரு தாளில் எழுதி அருகில் வைத்திருங்கள். பதிவுக்குப் பதிவு பெயர்கள் கொஞ்சம் மாறும். ஆல்பிரெக்ட் என்றும் ஆல்பெர்ட் என்றும் வருபவன் ஒருவனே. கிராமத்தில் அவனே லோயிஸ் என்று பெயர் மாற்றிக்கொண்டு திரிகிறான். இது தெரியாமல் மூன்று காதலர்கள் என்று எண்ணிக் குழம்பியவர்கள் உண்டு.

2. எந்தத் தயாரிப்பு?

முதல் தடவை மரபான தயாரிப்பையே பாருங்கள். லண்டன் ராயல் பாலேவுக்காக பீட்டர் ரைட் 1985-இல் உருவாக்கிய ஜிசெல் புதியவர்களுக்கு மிகவும் ஏற்றது. காரணம் ஒன்றுதான்: பல தயாரிப்புகள் வெட்டிவிடும் தாயின் சைகைக் காட்சி அதில் இருக்கிறது. அந்தக் காட்சி போனால் இரண்டாம் அங்கத்தின் பேய்ப்பெண்கள் காரணமில்லாமல் வந்து குதித்ததுபோல் தோன்றும்.

மாட்ஸ் எக் 1982-இல் செய்த ஜிசெல், இரண்டாம் அங்கத்தை மனநோயாளிகள் விடுதிக்கு மாற்றுகிறது. அக்ரம் கான் 2016-இல் செய்தது, வேலை பறிபோன ஆடைத் தொழிலாளர்களின் கதை. இரண்டுமே அருமையானவை. ஆனால் அவை மூலக் கதையோடு வாதம் செய்பவை. எதோடு வாதம் செய்கின்றன என்பது தெரிந்தபின் அவற்றுக்குப் போவதே நல்லது.

பதிவைத் தேர்ந்தெடுக்கும்போது இரண்டாம் அங்கத்தில் சில நிமிடங்களை ஓட்டிப் பாருங்கள். கேமரா முகத்தையே சுற்றிச்சுற்றி வந்தால் அந்தப் பதிவு வேண்டாம். அங்கே மேடை முழுவதும் தெரிய வேண்டும். பெண்களின் வரிசைகள் ஒன்றையொன்று ஊடுருவிப் போவதில்தான் அந்த அங்கத்தின் அச்சம் இருக்கிறது.

3. கதையை முடிவோடு சேர்த்துப் படித்துவிடுங்கள்

முடிவு தெரிந்தால் சுவாரசியம் போய்விடும் என்று பலர் கதையைப் படிக்க மறுக்கிறார்கள். அந்தக் காலத்துப் பார்வையாளர்கள் அரங்க வாசலில் கதைப் புத்தகத்தை வாங்கிப் படித்துவிட்டுத்தான் உள்ளே போனார்கள். வசனம் இல்லாத நாடகத்துக்கு அது தேவையாக இருந்தது; நமக்கும் தேவை.

ஜிசெலின் கதை இது. ரைன் நதிக்கரைக் கிராமம், திராட்சை அறுவடைக் காலம். ஜிசெலுக்கு இதயம் பலவீனம், ஆடுவதிலோ தீராத ஆசை. பிரபு ஆல்பிரெக்ட் குடியானவன் வேடத்தில் வந்து அவளைக் காதலிக்கிறான். அவளை விரும்பும் காட்டுக் காவலன் ஹிலாரியான் அவன் ஒளித்துவைத்த வாளைக் கண்டுபிடிக்கிறான். வேட்டைக்கு வந்த அரச குடும்பத்தில் பாத்தில்ட் என்ற சீமாட்டி இருக்கிறாள். ஆல்பிரெக்டுக்கு நிச்சயிக்கப்பட்டவள் அவள்தான். உண்மை வெளிப்பட்டதும் ஜிசெலுக்குச் சித்தம் கலங்குகிறது, இறந்துபோகிறாள்.

இரண்டாம் அங்கம் நடுக்காட்டில், அவள் கல்லறையில். திருமணத்துக்கு முன்பே ஏமாற்றப்பட்டு இறந்த பெண்கள் விலிகளாக இரவில் எழுந்து, அகப்படும் ஆண்களைச் சாகும்வரை ஆடவைக்கிறார்கள். அவர்கள் அரசி மிர்த்தா. ஹிலாரியான் சாகிறான். ஆல்பிரெக்டை விடியும்வரை காத்து நிற்பவள் ஜிசெல்.

இந்தக் கதையை எழுதியவர்கள் தியோஃபில் கோத்தியேயும் சேன்-ஜோர்ஜும். விலிகளைப் பற்றி ஜெர்மன் கவிஞர் ஹைன்ரிஷ் ஹைன எழுதியதைப் படித்துத்தான் கோத்தியேவுக்கு இந்த எண்ணமே உதித்தது. இசை அடோல்ஃப் அடாம். நடன அமைப்பு ழான் கொராலி, ழூல் பெரோ. இந்தப் பெயர்கள் போதும், மற்றவை பிறகு தானாகப் பழகிவிடும்.

4. சைகைகளைக் கற்றுக்கொள்ளுங்கள்

எல்லாவற்றையும்விட இந்தப் படிதான் முக்கியம்; இதைத்தான் எல்லோரும் தாண்டிப் போகிறார்கள். பாலேக்கென்று ஒரு சைகைமொழி உண்டு. கண்ணாடி முன் நின்று பின்வருபவற்றை நீங்களே செய்து பாருங்கள். கை ஒருமுறை செய்துவிட்டால் கண் மறக்காது.

இரு கைகளையும் நெஞ்சின் மேல் வைத்தால் காதல். இடக்கை மோதிர விரலைத் தொட்டுக் காட்டினால் திருமணம் அல்லது நிச்சயம். வலக்கையை உயர்த்தி இரண்டு விரல்களை வானோக்கி நீட்டினால் சத்தியம். கைகளைத் தலைக்கு மேல் ஒன்றையொன்று சுற்றவைத்தால் ஆட்டம். கைகளை முஷ்டியாக மடக்கி, மணிக்கட்டுகளைக் குறுக்காக வைத்துக் கீழே இறக்கினால் சாவு. முகத்தைச் சுற்றி விரல்கள் வட்டமிட்டால் அழகு. நெற்றிக்கு மேல் கிரீடம் வைப்பதுபோல் தொட்டால் அரசனோ அரசியோ.

இப்போது முதல் அங்கத்தில் மூன்று இடங்கள்.

ஒன்று: ஆல்பிரெக்ட் காதல் என்கிறான், பிறகு கையை உயர்த்திச் சத்தியம் செய்யப் போகிறான். ஜிசெல் சட்டென்று அந்தக் கையைப் பிடித்துக் கீழே இறக்கிவிடுகிறாள். வாக்குறுதி அவளை அச்சுறுத்துகிறது. சத்தியத்துக்குப் பதிலாக டெய்சிப் பூ ஒன்றைப் பறித்து, ‘காதலிக்கிறான், இல்லை’ என்று இதழ் இதழாகப் பிய்க்கிறாள். ‘இல்லை’ என்று முடியப்போவது தெரிந்ததும் பூவை எறிந்துவிடுகிறாள். அவன் அதை எடுத்து, அவள் பார்க்காதபோது ஓர் இதழைக் கிள்ளி எறிந்துவிட்டு, ‘பார், காதலிக்கிறான்’ என்று காட்டுகிறான். அவன் செய்யும் முழு மோசடியும் அந்த ஓர் இதழில் இருக்கிறது. கண் இமைக்கும் நேரம்தான். தெரிந்து காத்திருப்பவருக்கே பிடிபடும்.

இரண்டு: ஜிசெலும் பாத்தில்டும் பேசிக்கொள்ளும் இடம். இருவரும் தங்களுக்கு நிச்சயமாகியிருப்பதாக மோதிர விரலைக் காட்டி மகிழ்கிறார்கள். இருவரும் சொல்வது ஒரே ஆளை. பாத்தில்ட் தன் கழுத்துச் சங்கிலியைக் கழற்றி ஜிசெலுக்குப் பரிசளிக்கிறாள். அந்தச் சங்கிலியை மறக்காதீர்கள்.

மூன்று: தாய் பெர்த் மகளை எச்சரிக்கும் நீண்ட சைகைக் கதை. காடு, இரவு, கல்லறை, எழுந்து வரும் உருவங்கள், ஓயாத ஆட்டம், சாவு. அவள் கைகள் அங்கே சொல்லும் ஒவ்வொன்றும் இரண்டாம் அங்கத்தில் கண்முன் நடக்கும்.

நாட்டியம் பயின்றவர்களுக்குத் தனியாக ஒரு வார்த்தை. நீங்கள்தான் இதை எல்லோரையும்விட வேகமாகப் பிடிப்பீர்கள். இதில் தவறுவதும் நீங்கள்தான். ஒவ்வொரு கையசைவுக்கும் பொருள் தேடுவீர்கள். பாலேயில் பொருள் சொல்லும் கை வேறு, ஆட்டத்தின்போது அழகுக்காக வளையும் கை வேறு. நிருத்தத்தையும் அபிநயத்தையும் நீங்கள் பிரித்துப் பார்ப்பதுபோல் இங்கும் பிரித்துவிடுங்கள். ஆட்டம் நின்று, இருவர் ஒருவரையொருவர் பார்த்து நிற்கும்போது வரும் கைகளை மட்டும் படியுங்கள்.

5. மூன்று மெட்டுகளைக் காதில் ஏற்றிக்கொள்ளுங்கள்

அடாம் மெட்டுகளைத் திரும்பத் திரும்பக் கொண்டுவந்து கதை சொல்கிறவர். பார்க்கும் நாளுக்கு முந்தைய தினம் இசையை மட்டும் ஓடவிட்டு மூன்றை அடையாளம் கண்டுகொண்டால் போதும்.

முதலாவது, டெய்சிப் பூ விளையாட்டின் மென்மையான மெட்டு. சித்தம் கலங்கும் காட்சியில் அது உடைந்து உடைந்து திரும்பி வரும். ஜிசெல் கையில் இல்லாத பூவைப் பிய்ப்பாள். இரண்டாவது, வேட்டைக்காரர்களின் ஹார்ன் (ஊதுகொம்பு) ஒலி. அது கேட்டாலே ஆல்பிரெக்டுக்கு ஆபத்து. அவன் முகம் மாறுவதைப் பாருங்கள். மூன்றாவது, தாயின் எச்சரிக்கையின்போது தலைகாட்டும் விலிகளின் இசை. இரண்டாம் அங்கத்தில் அதைக் கேட்கும்போது உடல் தானாகச் சிலிர்க்கும், ஏற்கெனவே கேட்ட நினைவு உள்ளே இருப்பதால்.

6. முதல் அங்கம்: எங்கே கண் வைப்பது

இந்த அங்கத்தில் நடனத்தைவிட நடிப்பே அதிகம். நடுவில் கிராமத்து ஜோடி ஒன்று தனியாக ஆடும். அதற்கும் கதைக்கும் தொடர்பில்லை. அதன் இசைகூட அடாம் எழுதியது அல்ல, புர்க்முல்லருடையது. அரங்கேற்றத்தின்போது இன்னொரு நடனமணிக்கு வாய்ப்புத் தருவதற்காகச் சேர்த்தது. அங்கே கொஞ்சம் மூச்சு வாங்கிக்கொள்ளலாம்.

ஹிலாரியானைக் கவனியுங்கள். அவனை வில்லன் என்று ஒதுக்கிவிடுவது புதியவர்கள் செய்யும் பெரிய தவறு. மேடையில் பொய் சொல்லாத ஆண் அவன் ஒருவன்தான். வாளில் உள்ள சின்னத்தையும் வேட்டைக் குழுவின் ஹார்னில் உள்ள சின்னத்தையும் ஒப்பிட்டு அவன் உண்மையை உறுதிசெய்யும் இடம் வேகமாகப் போய்விடும், தவறவிடாதீர்கள். அவன் விரும்பியது அவளைக் காப்பாற்ற. நடந்தது அவள் சாவு.

சித்தம் கலங்கும் காட்சியில் கூந்தல் அவிழ்ந்துவிடும். கழுத்திலிருந்து அந்தச் சங்கிலியைப் பிய்த்து எறிவாள். வாளைத் தரையில் இழுத்துக்கொண்டே நகர்வாள். பிறகு காலையில் ஆல்பிரெக்டோடு சேர்ந்து ஆடிய அதே அடிகளை ஆடப் பார்ப்பாள். கால்கள் தாளத்துக்குச் சற்றுப் பிந்தி விழும். பக்கத்தில் இல்லாத ஒருவனுக்காகக் கை நீளும். நல்ல நடனமணி இங்கே முகத்தைக் கோணமாட்டாள். அந்தப் பிந்திய அடிகளே போதும்.

அவள் எப்படிச் சாகிறாள் என்பதில் தயாரிப்புகள் பிரிகின்றன. சிலவற்றில் இதயம் நின்றுவிடுகிறது. சிலவற்றில் வாளால் தன்னையே குத்திக்கொள்கிறாள். பீட்டர் ரைட் இரண்டாவதையே எடுத்துக்கொள்கிறார். கல்லறை தேவாலய முற்றத்தில் இல்லாமல் நடுக்காட்டில் இருப்பதற்கு அதுதான் காரணம் சொல்கிறது. நானும் அந்தப் பக்கம்தான்.

7. இரண்டாம் அங்கம்: நிதானமாகப் பாருங்கள்

இடைவேளை எடுத்துக்கொள்ளுங்கள். தண்ணீர் குடித்துவிட்டு அறை விளக்கை அணையுங்கள். இது வசதிக்காகச் சொல்வது அல்ல. இந்த அங்கம் வாயு விளக்குக்காகவே உருவானது. லெ பெலெத்தியே அரங்கில் 1822 முதல் வாயு விளக்கு இருந்தது. ஒளியைத் தாழ்த்தி நிலவொளி காட்ட முடிந்தது. மெல்லிய மஸ்லின் பாவாடைகள் அந்த மங்கிய ஒளியில் ஆவிபோல் தெரிந்தன. அதே விளக்கும் அதே துணியும் சேர்ந்து உயிரையும் குடித்தன: எம்மா லிவ்ரி என்ற இளம் நடனமணியின் பாவாடையில் 1862-இல் ஒத்திகையின்போது தீப்பற்றியது, பல மாத வேதனைக்குப் பின் 1863-இல் இறந்தார். அந்த வெள்ளைப் பாவாடையைப் பார்க்கும்போதெல்லாம் எனக்கு அவர் நினைவு வருகிறது.

முதலில் வருபவள் மிர்த்தா. விரல் நுனியில் மிகச் சிறிய அடிகளாக வைத்து மேடையைக் கடப்பாள். இடுப்புக்கு மேல் அசைவே இருக்காது. தரையைத் தொடாமல் மிதப்பதுபோல் இருக்கும். பிறகு விலிகள் எழுவார்கள். ஒற்றைக் காலில் நின்று மற்றக் காலைப் பின்னால் நீட்டியபடி, எதிரெதிர் வரிசைகளாகத் தத்தித் தத்தி ஒன்றுக்குள் ஒன்று புகுந்து கடப்பார்கள். அரங்கில் கைதட்டல் எழும் இடம் அது. கைதட்டலுக்குள் காலணிகள் தரையில் விழும் ஓசையைக் கேளுங்கள்.

இந்த இடத்தில் நம்மோடு ஒரு தொடர்பு இருக்கிறது. 1838-இல் கடலூரை அடுத்த திருவந்திபுரத்திலிருந்து தேவதாசிகளின் சிறு குழு ஒன்று பாரிஸுக்குப் போய் ஆடியது. கோத்தியே அவர்களை நேரில் பார்த்து, குறிப்பாக அம்மணி என்ற பெண்ணைப் பற்றி மனம் உருகி எழுதினார். மூன்று ஆண்டுகளுக்குப் பின் அவர் எழுதிய ஜிசெல் கதைப் புத்தகத்தில், விலிகளில் ஒருத்தியான சுல்மே இந்திய ஆடற்பெண்ணாக வருகிறாள். இந்தியப் பாணியில் ஆடுவதாகவே எழுதியிருக்கிறார். இன்றைய மேடையில் மிர்த்தாவின் இரண்டு துணைவியரில் ஒருத்தியாக அவள் நிற்கிறாள், எந்த வேறுபாடும் இல்லாமல். அவள் தனியாக ஆடும் சில நிமிடங்களை நான் எப்போதும் கூடுதல் கவனத்தோடு பார்ப்பேன்.

ஜிசெல் கல்லறையிலிருந்து எழுந்ததும் மிர்த்தா தன் கிளையால் ஆணையிடுவாள். உடனே ஜிசெல் ஒற்றைக் காலில் தத்தியபடி கிறுகிறுவென்று சுழலத் தொடங்குவாள். முதல் அங்கத்தில் சிறகடித்த அதே பெண், இப்போது இன்னொருத்தியின் ஆணைக்கு ஆடுகிறாள். உயிரோடு இருந்தபோது அவள் ஆசையாக இருந்த ஆட்டம் செத்தபின் தண்டனையாகிவிட்டது.

ஆல்பிரெக்ட் லில்லிப் பூக்களோடு வருவான். மிர்த்தா அவனைப் பிடிக்கும்போது ஜிசெல் அவனைக் கல்லறைச் சிலுவைக்கு அருகில் நிறுத்துவாள். அங்கே மிர்த்தாவின் அதிகாரம் செல்லாது. மிர்த்தா அதற்கு ஒரு வழி கண்டுபிடிக்கிறாள்: ஜிசெலை ஆடச் சொல்கிறாள். அவள் ஆடினால் அவனால் விலகி நிற்க முடியாது. அப்போது தொடங்கும் மெதுவான இருவர் நடனத்தில் வயலினைவிடத் தாழ்ந்த குரல் கொண்ட வியோலா ஒன்று தனியாகப் பாடும். அவன் அவளைத் தூக்கும்போது எடையே இல்லாததுபோல் தோன்ற வேண்டும். அவள் மூச்சு வாங்குவது தெரிந்தால் அந்தக் காட்சி பலிக்கவில்லை.

இதற்குப் பின் வருவது ஆல்பிரெக்ட் ஓய்ந்து விழும்வரை குதிக்கும் இடம். ஒரே இடத்தில் செங்குத்தாக எழும்பிக் கால்களை அடித்துக்கொள்ளும் குதிப்புகளோ, மிர்த்தாவை நோக்கிச் சாய்கோட்டில் பறக்கும் குதிப்புகளோ வரும். பலர் எண்ணிக்கொண்டு கைதட்டுவார்கள். எண்ண வேண்டாம். அவன் தானாகக் குதிக்கவில்லை, குதிக்கவைக்கப்படுகிறான். கைகள் கெஞ்சுகின்றனவா என்று பாருங்கள்.

மணி அடித்து விடிகிறது. விலிகளின் ஆற்றல் கலைகிறது. இன்றைய தயாரிப்புகளில் அவன் தனியாக நிற்கத் திரை விழும். 1841-இல் அப்படி இல்லை: ஜிசெல் பூக்களுக்குள் அமிழ்ந்துகொண்டே, தேடி வந்த பாத்தில்டை ஏற்றுக்கொள்ளும்படி அவனுக்குக் கைகாட்டிவிட்டு மறைந்தாள். அந்த முடிவு இன்னும் கடினமானது, இன்னும் பெருந்தன்மையானது. அலெக்சி ரத்மான்ஸ்கி 2019-இல் மாஸ்கோ போல்ஷோய்க்காகச் செய்த ஜிசெல் பழைய ஆவணங்களை நெருங்கிப் போகிறது. இரண்டாம் முறை பார்க்கும்போது அதை எடுத்துக்கொள்ளுங்கள்.

8. எது பழையது, எது பின்னால் வந்தது

‘1841-இல் இப்படித்தான் ஆடினார்கள்’ என்று நம்பிவிடாதீர்கள். பாரிஸில் ஜிசெல் 1868-க்குப் பின் மேடையிலிருந்து போய்விட்டது. ரஷ்யாவில் நடன அமைப்பாளர் மாரியுஸ் பெத்திபா அதைத் திருத்தித் திருத்திக் காப்பாற்றினார்; நாம் பார்ப்பது பெரும்பாலும் அந்த வடிவம். முதல் அங்கத்தில் ஜிசெல் ஒற்றை விரல்நுனியில் மேடையின் குறுக்கே தத்திப் போகும் தனி நடனம் அடாமின் இசையில் கிடையாது, ரஷ்யாவில் சேர்ந்தது. முதல் ஜிசெலான கார்லோட்டா கிரிசி அணிந்தவை மென்மையான காலணிகள். இன்றைய கெட்டி முனை அவற்றுக்கு இல்லை. அவரிடம் இந்தத் தத்தலை எதிர்பார்க்க முடியாது.

9. கொப்பேலியா: சிரிக்கத் தயாராகுங்கள்

முதலில் ஒரு குழப்பத்தை நீக்கிக்கொள்ளுங்கள். கொப்பேலியா கதாநாயகி அல்ல, பொம்மை. கதாநாயகியின் பெயர் ஸ்வானில்டா. தலைப்பில் உள்ள பெயரைத் தேடிக்கொண்டே முதல் அங்கத்தைத் தவறவிடுகிறவர்கள் ஏராளம்.

ஸ்வானில்டாவின் காதலன் ஃபிரான்ஸ், மாடத்தில் புத்தகத்தோடு உட்கார்ந்திருக்கும் அழகிக்கு முத்தம் வீசுகிறான். அவள் கிழவர் கொப்பேலியஸ் செய்த இயந்திரப் பொம்மை என்று அவனுக்குத் தெரியாது. அங்கே டெய்சிப் பூ, இங்கே கோதுமைக் கதிர்: கதிரைக் காதருகே ஆட்டினால் ஓசை கேட்க வேண்டும், கேட்டால் அவன் காதல் உண்மை. ஸ்வானில்டாவுக்கு எதுவும் கேட்கவில்லை. ஜிசெலின் இதழ்களை நினைவில் வைத்திருப்பவருக்கு இந்தக் காட்சி இரட்டிப்பாக இனிக்கும். வயலின் தனியாகப் பாடும் அந்த மெட்டை, கொப்பேலியாவின் இசையமைப்பாளர் லியோ தெலிப் எழுதியவற்றில் மிக அழகானதென்று சொல்வேன்.

உயிர்நாடி இரண்டாம் அங்கம். ஸ்வானில்டா தோழிகளோடு பட்டறைக்குள் நுழைந்து, பொம்மையின் உடையைத் தானே உடுத்திக்கொள்கிறாள். கொப்பேலியஸ் ஃபிரான்ஸுக்கு மதுவில் மருந்து கலந்து தூங்கவைத்து, மந்திரப் புத்தகத்தைப் பார்த்து, அவன் உயிராற்றலை உறிஞ்சிப் பொம்மைக்குள் செலுத்துகிறார். கண்ணிமை அசைகிறது, தோள் அசைகிறது, அவர் துள்ளுகிறார். இங்கே உடலை மட்டும் பாருங்கள். முதலில் ஒவ்வொரு அசைவும் விசை முடுக்கியதுபோல் நின்று நின்று வரும். வால்ட்ஸ் என்ற சுழல் நடனத்தின் இசை தொடங்கியதும் மூட்டுகள் இளகும். அவர் திரும்பிக்கொண்டால் அவள் முகம் ஸ்வானில்டாவாகிவிடும், அவர் பார்த்தால் மறுபடி பொம்மை. தேர்ந்த நகைச்சுவை நடிகைக்கு வேண்டிய கணக்கு அது. பிறகு விசிறியோடு ஸ்பானிய ஆட்டம், அதன்பின் ஸ்காட்லாந்து ஆட்டம்.

கொப்பேலியஸைப் பார்த்துச் சிரித்துவிட்டுப் போய்விடாதீர்கள். உடையிழந்த வெறும் பொம்மையை அவர் கண்டுபிடிக்கும் கணத்தை எப்படிக் காட்டுகிறார்கள் என்பதே ஒரு தயாரிப்பின் தரத்தைச் சொல்லிவிடும். மூன்றாம் அங்கத்தில் அவருக்குப் பணப்பை ஒன்றைக் கொடுத்துச் சமாதானம் செய்கிறார்கள். அந்த அங்கம் திருமணக் கொண்டாட்டம்தான். அதில் கதை இல்லை, மனத்தைத் தளரவிட்டுப் பார்க்கலாம்.

ஃபிரான்ஸ் ஏன் இவ்வளவு குறைவாக ஆடுகிறான் என்று கேட்பார்கள். 1870-இல் அந்த வேடத்தை ஏற்றவர் எழெனி ஃபியோக்ரே என்ற பெண். பாரிஸில் அந்த வழக்கம் பல பத்தாண்டுகள் தொடர்ந்தது. இன்று ஃபிரான்ஸுக்கு வரும் பெரிய குதிப்புகள் பிற்காலச் சேர்க்கைகள். முதல் ஸ்வானில்டா ஜுசெப்பினா பொட்சாக்கிக்கு அரங்கேற்றத்தின்போது வயது 16. சில வாரங்களில் பிரான்ஸுக்கும் பிரஷ்யாவுக்கும் போர் மூண்டது. முற்றுகைக்குள் அகப்பட்ட பாரிஸில், தன் 17-ஆம் பிறந்த நாளன்று அம்மையில் இறந்துபோனார். நடன அமைப்பாளர் ஆர்தர் சேன்-லெயோன் அவருக்கு முன்பே, செப்டம்பரில் மறைந்துவிட்டார்.

10. அடுத்து: பேச்சும் பாட்டுமான நகைச்சுவை மேடை

அடாமும் தெலிபும் பாலேக்கு வருமுன்பே சிரிக்கவைக்கும் இசை நாடகங்களை எழுதியவர்கள். ஆகவே அடுத்த அடி அங்கேதான். இதற்கும் ஒரு வரிசை உண்டு.

கொப்பேலியா பார்த்த சூடு ஆறுமுன் இசையமைப்பாளர் ஒஃபென்பாக்கின் ‘ஹொஃப்மனின் கதைகள்’ (1881) ஒபேராவில் ஒலிம்பியா வரும் அங்கத்தை மட்டும் பாருங்கள். இரண்டுக்கும் மூலம் ஜெர்மன் எழுத்தாளர் ஹொஃப்மனின் ஒரே கதை. இங்கே பொம்மை பாடுகிறது. பாட்டின் நடுவில் விசை தீர்ந்து குரல் சரிகிறது, மறுபடி முடுக்குகிறார்கள். கொப்பேலியாவில் பெண் பொம்மையாக நடித்து ஏமாற்றினாள். இங்கே பொம்மையைப் பெண் என்று நம்பியவன் மனமுடைந்து நிற்கிறான்.

இரண்டாவது, அதே ஒஃபென்பாக்கின் ‘பாதாளத்தில் ஓர்ஃபியஸ்’ (1858). அதற்கு முன் குளூக்கின் ‘ஓர்ஃபியஸ்’ ஒபேராவில் மனைவியை இழந்து அவன் புலம்பும் பாட்டை ஒருமுறை கேட்டுவிடுங்கள். ஒஃபென்பாக் அந்த மெட்டை அப்படியே எடுத்து, மனைவி தொலைந்ததில் மகிழும் ஒருவன் வாயில் வைக்கிறார். மூலம் தெரியாவிட்டால் அந்த இடத்தில் சிரிப்பு வராது. கடைசியில் வரும் வேக ஆட்டத்தை மட்டும் கான்கான் என்று தனியாகப் பார்க்காதீர்கள். ஒலிம்பஸ் தேவர்கள் சலிப்பில் கலகம் செய்து பாதாளத்துக்கே இறங்கி வந்தபின் அது வர வேண்டும்.

மூன்றாவது, அடாமின் ‘லோன்ஜுமோ தபால் வண்டிக்காரன்’ (1836). முதலிரவன்றே மனைவியை விட்டுவிட்டு ஒபேராப் பாடகனாக ஓடுகிறான் ஒருவன். பத்து ஆண்டுகள் கழித்து அதே மனைவி பணக்காரச் சீமாட்டியாக வந்து, தன்னையே மறுபடி மணக்கவைத்து அவனை மாட்டவைக்கிறாள். ஆல்பிரெக்டின் சகோதரன், ஸ்வானில்டாவின் சகோதரி. இங்கே பாட்டுகளுக்கு நடுவே வெறும் பேச்சு நிறைய வரும். திரையில் வசன மொழிபெயர்ப்பு ஓடாத பதிவை வாங்கினால் பாதி நாடகம் போய்விடும். பாரிஸின் ஒபேரா-கொமிக் அரங்கு 2019-இல் மேடையேற்றியதன் பதிவு கிடைக்கிறது. முதல் அங்கத்தில் வண்டிக்காரன் பாடும் பாட்டில், ஆண் குரல் எட்டுவதற்கே அஞ்சும் உச்ச ‘டி’ சுரம் வரும். அது வருமுன் ஒலியைச் சற்றுக் குறைத்துக்கொள்ளுங்கள்.